எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்

சேசு மரி சூசை

பேகம்பூர், திண்டுக்கல்
14-1-1962

தம்பி கஸ்பாருக்கு அக்கா ரோசலின் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பு, பிலோமியின் முதுகுவலி, குழந்தை செசிலியின் இருமல் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

சுகம் விசாரித்தாயிற்று. இனி திட்டுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு வந்தவன் ஐந்து நாள் இருந்தாய். ஆறாம் நாள் நான் காலைப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய். சொல்லிவிட்டுப் போனால் வாய் வலிக்குமா? அதுகூடப் போகட்டும். முந்தின நாள் மத்தியானம் மீன்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "அக்கா, ஒரே உப்பாக் கரிக்குது" என்று தட்டைத் தள்ளினாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. பட்டணத்துச் சாப்பாட்டிலும் ஓயாமல் புகைக்கிற சுருட்டிலும் உன் நாக்கு செத்துப்போய்விட்டது. அதற்கு என் குழம்பைக் குறை சொல்லாதே.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கொடைக்கானல் விடுதி ஒன்றின் மேனேஜர் வேலுசாமி என்பவர் போன வாரம் என் பட்டறைக்கே வந்துவிட்டார். பாலசமுத்திரத்துக்காரர். பச்சைக் கோப்பை ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏனுங்க, இந்தப் பச்சைய நான் வேற எங்கயும் பாத்ததில்லீங்க" என்றார். ஈஸ்டருக்குள் மாதிரிக் கோப்பை நான்கு கொடுக்க வேண்டும். முதலாளிக்குப் பிடித்தால் விடுதி முழுவதற்கும் முந்நூறு கோப்பை, பிறகு தட்டும் கிண்ணமும். இது கிடைத்தால் என் சக்கரம் சுற்றும். கிடைக்காவிட்டால் பட்டறையைச் சாத்திவிட்டு மடத்துப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் தையல் டீச்சராகப் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பச்சையை எப்படிக் கண்டேன் என்று உனக்குத் தெரியும். மதராஸில் பீங்கான் வேலை படித்துவிட்டு வந்து பதினோரு வருஷம். பருத்திமார், வைக்கோல், கருவேலங்கட்டை, தென்னம்பாளை என்று எரித்துப் பார்க்காத சாம்பல் இல்லை. கடைசியில் பக்கத்துப் புகையிலைக் கிடங்கில் பாரூக் பாய் வேண்டாமென்று எரிக்கிற காம்பின் சாம்பலில்தான் அது வந்தது. சாம்பலோடு கல்மாவும் வெள்ளைக் களிமண்ணும் எந்த அளவில் என்று என் நோட்டில் இருக்கிறது. கோப்பைமேல் ஏற்றிச் சுட்டால் பச்சைக் கண்ணாடி மாதிரி உருகிப் படிகிற அந்தப் பூச்சு வேறு எவரிடமும் இல்லை. அதனால்தான் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருக்கிறது.

செசிலிக்குக் கொடுத்தனுப்பிய இரண்டு கோப்பைகளில் பால் குடிக்கிறாளா? அலமாரியில் பூட்டி வைக்காதே, குடிக்கத்தான் செய்தேன்.

உன் அக்கா
ரோசலின்

*

சேசு மரி சூசை

கம்பெனி குவார்ட்டர்ஸ், சென்னை
2-2-1962

மேன்மை தங்கிய அக்கா அவர்களுக்குத் தம்பி கஸ்பார் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் பிலோமினாவும் குழந்தையும் சர்வேசுரன் கிருபையால் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்துக்கு எழுதவும்.

குழம்பு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டபடியால் சொல்லாமல் கிளம்பும்படி ஆயிற்று. செசிலிக்கு இருமல் நின்றது. கோப்பையில் பால் குடிக்கிறாள்.

ஒரு சிறு சந்தேகம். தாங்கள் உபயோகிக்கும் சாம்பல் பாரூக் பாய் கிடங்கில் மட்டும்தான் கிடைக்குமா, அல்லது வேறு கிடங்குக் காம்பும் ஆகுமா? மாதம் ஒன்றுக்கு எத்தனை மூட்டை தேறும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கம்பெனியில் விற்பனைப் பிரிவில் எனக்கு உயர்வு கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. தங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி
கஸ்பார்

*

சேசு மரி சூசை

பேகம்பூர்
19-2-1962

தம்பி கஸ்பாருக்கு அக்கா எழுதுவது. நலம். உனக்கு உயர்வு வர வேண்டுமென்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிலோமியின் முதுகுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

பதினோரு வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. "இன்னும் சட்டிபானைதானா அக்கா" என்பதோடு சரி. இப்போது சாம்பல் எத்தனை மூட்டை தேறும் என்கிறாய். ஊறுகாய் ஜாடியும் கக்கூஸ் பீங்கானும் செய்கிற கம்பெனியில் இருப்பவனுக்கு இது எதற்கு? இருந்தாலும் கேட்டுவிட்டாய் என்று மனசு குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன்.

சாம்பல் பாரூக் பாயிடம் மட்டும்தான். வேடசந்தூர்ப் பக்கம் உப்புத் தண்ணீர் பாய்கிற தோட்டத்துப் புகையிலை அவருக்கு வருகிறது. அந்தக் காம்பு எரிந்தால்தான் இந்தப் பச்சை. மாதம் ஐந்தாறு மூட்டை தேறும்.

வேலை இப்போது நெருக்குகிறது. வெயில் ஏறுமுன் நசீம் பானு வந்து மண்ணை மிதித்துப் பிசைந்து கொடுக்கிறாள். பாரூக் பாயின் தங்கை மகள். நல்ல கை, அதைவிட நல்ல வாய். மத்தியானத்துக்குள் நான் நாற்பது கோப்பை சுற்றி இறக்குகிறேன். சாயங்காலம் முதல்நாள் கோப்பையைக் கவிழ்த்து அடியைச் சீவி, 'ரோ' என்று கீறி வைக்கிறேன். தேர்தல் லவுட்ஸ்பீக்கர்காரன் ஒருவன் பட்டறைக்கு எதிரேயே வண்டியை நிறுத்திக்கொண்டு கத்துகிறான். சக்கரத்தில் கை நடுங்கினால் கோப்பை கோணிக்கொள்ளும். நேற்று எழுந்து போய்க் கேட்ட கேள்வியில் வண்டியைத் தெருக்கோடிக்கு நகர்த்திக்கொண்டான்.

நேற்று மாதிரிக் கோப்பைகளைப் பூச்சில் முக்கினேன். அடியை மூன்று விரலால் பிடித்து, ஒரே முக்கு, ஒரே தூக்கு. விரல் பிடித்த இடத்தில் பூச்சு ஏறாமல் மூன்று தடம் விழும். மற்றவர்கள் அதைத் தூரிகையால் மூடுவார்கள். நான் மூடுவதில்லை. மூன்றாவது தடம் மட்டும் சாய்ந்து விழும். ஆறு வயதில் நீ கதவைச் சாத்தி என் விரலை நசுக்கினாயே, அந்த விரல்.

அக்கா
ரோசலின்

*

சேசு மரி சூசை

பேகம்பூர்
8-3-1962

கஸ்பாருக்கு.

சுகமாக இருக்கிறாயா? நீ சுகமாகத்தான் இருப்பாய். என் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

நேற்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தேன். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள் என்று பாரூக் பாய் கிடங்கைச் சாத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒங்க தம்பி எட்டு மூட சாம்பல லாரில ஏத்தச் சொல்லி எழுதினாரும்மா, போன வாரமே ஏத்தி விட்டுட்டேன். நீங்க சொல்லித்தானே?" என்றார். நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்றேன். அடுத்தவர் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்க எனக்கு வராது. அது ஒரு பெரிய முட்டாள்தனம் என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

எட்டு மூட்டை சாம்பலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? பாத்திரம் தேய்க்கவா? எனக்கு இந்த மாதத்துக்கு ஒரு மூட்டைதான் மிச்சம். சுற்றி வளைக்காமல் எழுது.

ரோசலின்

*

சேசு மரி சூசை

கம்பெனி குவார்ட்டர்ஸ், சென்னை
18-4-1962

மேன்மை தங்கிய அக்கா அவர்களுக்குத் தம்பி கஸ்பார் எழுதிக்கொண்டது. யாவரும் சௌக்கியம். செசிலிக்கு அம்மை வார்த்து இறங்கியது. அந்தக் கவலையில் உடனே பதில் எழுத இயலாமல் போயிற்று. தங்கள் தேக ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்ளவும். வெயில் காலத்தில் சூளை அருகே அதிகம் நிற்க வேண்டாம்.

சாம்பல் விஷயம் ஒன்றுமில்லை. சிநேகிதர் ஒருவர் தென்னந்தோப்புக்கு உரமாகக் கேட்டார். முன்கூட்டியே தங்களிடம் தெரிவிக்காதது என் பிசகு.

கம்பெனியில் என்னை விற்பனை ஆபீசராக உயர்த்தியிருக்கிறார்கள். அந்தோணியாருக்குத் தாங்கள் ஏற்றிய மெழுகுவர்த்தி வீண்போகவில்லை.

வருகிற ஈஸ்டருக்கு உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் தங்களோடு இருப்பதாக.

கஸ்பார்

*

பேகம்பூர்
9-5-1962

கஸ்பார்,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. 'சேசு மரி சூசை' என்றும் மேலே எழுதவில்லை. இதில் நான் எழுதப்போவதற்கு அவர்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

திங்கட்கிழமை வேலுசாமி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். நான் வத்தலக்குண்டு பஸ்ஸில் வைக்கோல் சுற்றி அனுப்பிய மாதிரிக் கோப்பை நான்கும் அப்படியே கூடையில் திரும்பி வந்திருந்தன. முதலாளி வேறு இடத்தில் முடித்துவிட்டாராம். "ஏனுங்க, நானும் சொல்லிப் பாத்தனுங்க. கம்பெனிக்காரங்க இதே பச்சையில ரெண்டு மாசத்துல தந்தர்றமுன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பைக்குள் கைவிட்டு அந்தக் கம்பெனியின் மாதிரியை எடுத்து நீட்டினார்.

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். அடியில் 'ரோ' இருந்த இடத்தைச் சாணைக்கல்லில் தேய்த்திருந்தார்கள். தேய்த்தவன் மேலே பார்க்கவில்லை. மூன்று விரல் தடமும் இருந்தது. மூன்றாவது சாய்ந்திருந்தது. அது செசிலிக்கு நான் கொடுத்த கோப்பை.

யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். "ஒங்க ஊர்க்காரருதானுங்க, கஸ்பாருன்னு பேருங்க" என்றார்.

நீ மதராஸிலிருந்து ரயிலேறி, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலைக்குப் போயிருக்கிறாய். அந்த வண்டி திண்டுக்கல்லில் நிற்காமலா போயிற்று? நின்றபோது என்ன செய்தாய்? ஜன்னலைச் சாத்திக்கொண்டாயா? போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாயா? மூன்று பர்லாங்கு தூரத்தில் நான் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் போன பிறகு நோட்டை எடுத்துப் பிரித்தேன். பச்சைப் பூச்சு எழுதிய பக்கத்தின் மடிப்பில் சுருட்டுச் சாம்பல் கிடந்தது. நான் சுருட்டுக் குடிப்பதில்லை. நசீம் பானுவும் குடிப்பதில்லை. காலைப் பூசையில் நான் முழங்காலில் நின்று உன் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில், நீ என் பட்டறையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாகப் பார்த்து எழுதியிருக்கிறாய். தென்னந்தோப்புக்கு உரமா? உன் வாயில் போட வேண்டும் அந்த உரத்தை.

பதினோரு வருஷம், கஸ்பார். கல்யாணம் வேண்டாமென்று சொன்னது, ஊரே 'சட்டிக்கார டீச்சர்' என்று சிரித்தது, ஒவ்வொரு சூளையிலும் பாதிக்கு மேல் உடைத்து எறிந்தது எல்லாம் ஒரு கோப்பையளவு பச்சைக்காக. அதை நீ ஒரு காலையில் எடுத்துக்கொண்டு போய் உனக்கு ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டாய். வேற்று மனிதன் செய்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். நீ செய்ததால் வெளியே சொல்லவும் வழியில்லாமல் வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரோசலின்

*

சேசு மரி சூசை

கம்பெனி குவார்ட்டர்ஸ், சென்னை
12-6-1962

மேன்மை தங்கிய அக்கா அவர்களுக்கு. தாங்கள் கோபமாயிருப்பதால் சௌக்கியம் கேட்கவும் பயமாயிருக்கிறது. இவ்விடம் பிலோமினாவுக்கு மறுபடியும் முதுகுவலி. செசிலி பள்ளிக்கூடம் போகிறாள்.

கம்பெனியின் நன்மையை உத்தேசித்துத் தங்கள் குறிப்புகளில் சிலவற்றைப் பார்வையிட நேர்ந்தது. தங்களுக்கு நஷ்டம் வரும் என்று நான் அச்சமயம் நினைக்கவில்லை. கம்பெனி பெரியது, தாங்களோ தனியாள், இரண்டுக்கும் இடம் இருக்கும் என்றே எண்ணினேன். குடும்பஸ்தனுக்கு உள்ள நெருக்கடிகள் தங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு ஆபத்தில் இருக்கிறேன். குறிப்பில் இருந்த அளவுப்படியே, அதே சாம்பலில் பூச்சைக் கலந்து, விடுதிக்கு உண்டான கோப்பைகளைச் சூளையில் வைத்தார்கள். திறந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. பூச்சு முழுவதும் உருகி வழிந்து, கோப்பைகள் அடியில் வைத்த சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. உளி வைத்து உடைத்து எடுக்கவேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் அப்படியே. கம்பெனி கெமிஸ்ட் அளவில் தவறில்லை என்கிறார். சாம்பலுக்கு முதலில் ஏதாவது செய்ய வேண்டுமா? கழுவ வேண்டும் என்று பாரூக் பாய் எப்போதோ சொன்னதாக ஞாபகம். அப்படியானால் எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்? எண்ணிக்கையை மட்டும் ஒரு கார்டில் எழுதினால் போதும். ஜூலை முதல் வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேலையும் இந்தக் குவார்ட்டர்சும் போய்விடும். பிலோமினாவையும் குழந்தையையும் நினைத்துப் பார்க்கவும்.

கஸ்பார்

*

பேகம்பூர்
16-6-1962

கஸ்பார்,

பார்வையிட நேர்ந்ததா? பார்வையிடுகிறவர் கலெக்டர். நீ செய்ததற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை எழுத உன் பேனாவுக்கு நாலு மாதமாக வரவில்லை.

உன் கடிதத்தை நசீம் பானுவுக்குப் படித்துக் காட்டினேன். எத்தனை தண்ணீர் என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் மண்ணை மிதிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நோட்டில் கழுவுவதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று உன் கெமிஸ்ட் கேட்பார். சோறு வடிக்கிறவள் அரிசியைக் களைய வேண்டும் என்று எங்காவது எழுதி வைப்பாளா? உலை வைத்துப் பார்க்காதவனுக்குத்தான் அது தெரியாது. உனக்கு அம்மா களைந்து போட்டாள், பிறகு நான் களைந்து போட்டேன், இப்போது பிலோமி களைகிறாள். காம்புச் சாம்பலில் உப்பும் காரமும் ஏறிக் கிடக்கும். அது போகாமல் சூளையில் வைத்தால் வழியத்தான் வழியும். இந்த மட்டும் சொல்கிறேன், இதுவும் நீயே பட்டுத் தெரிந்துகொண்டதுதான். எத்தனை தண்ணீர் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

பிலோமியையும் செசிலியையும் நினைக்கச் சொல்கிறாய். குழந்தை பால் குடிக்கிற கோப்பையைப் பிடுங்கிச் சாணைபிடித்தபோது நீ நினைத்தாயா?

இது யாருடைய பச்சை என்று வேலுசாமியிடம் சொல்ல உனக்கு வாய் இருக்கிறதா? அதைச் சொல்கிற வரைக்கும் எனக்கு ஒரு வரி எழுதாதே. கார்டும் வேண்டாம்.

ரோசலின்

*

சேசு மரி சூசை

கதவு எண் 11, மூன்றாவது சந்து,
பெரம்பூர், சென்னை
5-9-1962

அன்புள்ள அக்காவுக்குக் கஸ்பார் எழுதுவது. இவ்விடம் சுகம். நீங்கள் சுகமா? இந்த வருஷம் அங்கே மழை உண்டா? மண் காயாமல் சிரமப்படுவீர்களே என்று பிலோமி கேட்கச் சொன்னாள்.

காற்று நன்றாக இருக்கும் என்று பிலோமியின் மாமா வீட்டு மாடிக்கு வந்திருக்கிறோம். செசிலி பள்ளிக்கூடம் மாறியிருக்கிறாள். என்னிடம் இருந்த மற்ற கோப்பையில்தான் பால் குடிக்கிறாள். இது பொய் இல்லை.

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று உங்கள் பிறந்தநாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

கஸ்பார்

*

சேசு மரி சூசை

பேகம்பூர்
3-10-1962

தம்பி கஸ்பாருக்கு அக்கா எழுதுவது. உடம்பு சுகம். மழை இரண்டு பாட்டம் பெய்தது.

உன் கடிதத்தின் தலைப்பில் 'கம்பெனி குவார்ட்டர்ஸ்' இல்லை என்பதை முதலில் பார்த்தேன். பெரம்பூர் மூன்றாவது சந்தில் என்ன காற்று வரும் என்று எனக்குத் தெரியும். நான் மதராஸில் நாலு வருஷம் இருந்தவள்.

அதைப் படித்து இரண்டு நாள் கழித்து வேலுசாமி வந்தார். இந்த முறை உள்ளேயே வந்து உட்கார்ந்தார். கம்பெனி ஒரு கோப்பையும் கொடுக்கவில்லை, முதலாளி முந்நூறையும் என்னிடமே கேட்கிறார், கிறிஸ்துமசுக்குள் வேண்டும் என்றார். காப்பியைக் குடித்து முடித்துக் கிளம்பினவர், வாசலில் நின்று செத்த நேரம் மண்டையைச் சொறிந்துவிட்டு, "சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்காருங்க. மனசு கேக்கலீங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஜூலை இரண்டாம் தேதி நீ அவருக்கு எழுதியது.

எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. 'இந்தப் பச்சை கம்பெனியுடையது அல்ல. என் அக்கா ரோசலின் பதினோரு வருஷம் பாடுபட்டுக் கண்டது. நான் அவள் நோட்டிலிருந்து திருடினேன். மாதிரி என்று உங்களிடம் காட்டியதும் அவள் செய்த கோப்பைதான். இதை நான் எழுதியதாக அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் சாம்பல் கழுவுகிற கணக்கைக் கேட்கத்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொள்வாள்.' ஐந்தாறு வரிதான். அதில் ஒரு இடத்தில்கூட 'பார்வையிட நேர்ந்தது' இல்லை.

ஏலே, இதை எழுதினால் வேலை போய்விடும் என்று தெரிந்துதானே எழுதினாய்? எழுதிவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை மாடி அறையில் வைத்துக்கொண்டு, இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று எனக்குக் கதைவிடுகிறாய். கெட்டது செய்யும்போதும் சொல்லவில்லை, நல்லது செய்யும்போதும் சொல்லவில்லை. உன்னை வைத்துக்கொண்டு ஒரு அக்கா என்னதான் செய்வது?

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்தத் திண்டுக்கல் ஸ்டேஷன் ஜன்னலை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். வயிற்றெரிச்சல் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது வேறு ஒன்று நடந்திருக்கிறது, அதை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

முந்நூறில் முதல் நூறைச் சுற்றி, அடி சீவி, பூச்சில் முக்கி, போன வாரம் சூளையில் வைத்தேன். சனிக்கிழமை திறந்தேன். நூறும் போயிற்று. உன் கம்பெனியில் நடந்தது போலவே பூச்சு வழிந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது. பெயர்க்க முடியாமல் சுத்தியலால் அடித்தேன். அளவில் தவறில்லை. மண்ணில் தவறில்லை. நெருப்பிலும் இல்லை.

எத்தனை தண்ணீர் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான்: எண்ணிக்கை கிடையாது. ஒரு மூட்டைக்கு ஐந்து தண்ணீரில் போகும், இன்னொன்றுக்குப் பன்னிரண்டு ஆகும். காம்பு எந்தத் தோட்டத்தில் விளைந்தது, அந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும். எரிச்சலும் கரிப்பும் வழவழப்பும் சுத்தமாகப் போய், குடிதண்ணீர் மாதிரி ஆகிற அன்றைக்குத்தான் சாம்பல் தயார். பதினோரு வருஷம் அப்படித்தான் பார்த்தேன். இந்தத் தடவையும் பார்த்தேன். ஐந்தாம் தண்ணீரிலேயே என் நாக்கு சரி என்று சொல்லிவிட்டது.

சூளை போன மறுநாள் மிச்சமிருந்த அந்தத் தண்ணீரை நசீம் பானுவிடம் கொடுத்து நாக்கில் வைக்கச் சொன்னேன். வைத்தவள் அங்கேயே துப்பினாள். "என்னக்கா இது, சோப்பு மாதிரி எரியிது, கல்லுப்பு மாதிரி கரிக்குது. இதுலயா முக்கினீங்க?" என்றாள். நான் மறுபடி வைத்துப் பார்த்தேன். எனக்கு வெறும் தண்ணீர்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் உப்பு ஜாடியைத் திறந்து, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரைகிறது என்று தெரிந்தது. உப்பு என்று தெரியவில்லை. சாம்பல் தண்ணீரின் காரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எத்தனை வருஷமாகப் போயிற்றோ, நான் கவனிக்கவில்லை. கிறிஸ்துமஸ் மீன்குழம்பு உப்பாகத்தான் இருந்திருக்கும், கஸ்பார். நீ சொன்னது சரி. உன் நாக்கு செத்துவிட்டது என்று எழுதினேன், செத்தது என்னுடையது.

நசீம் பானு தினமும் ருசி பார்த்துத் தருகிறேன் என்கிறாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வாழப்போகிற பெண்ணின் நாக்கை நான் ஏன் கெடுக்க வேண்டும்? அவள் என்னிடம் எதையும் திருடவில்லை.

அதனால் நீ வா. மேட்டுப்பட்டியில் அம்மா இருந்த வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, பிலோமியையும் செசிலியையும் கூட்டிக்கொண்டு வா. சாம்பலை நீயே சுமந்து, நீயே கரைத்து, நீயே வடித்து, நீயே நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ சரி என்றால் நான் முக்குவேன். ஒரு தடவை பொய் சொன்னாலும் நூறு கோப்பை போய்விடும், அதை ஞாபகம் வைத்துக்கொள். கோப்பைக்கு அடியில் 'ரோ' என்றுதான் இருக்கும், அதில் பேச்சே கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் நீ இளைப்பாறலாம். உன் நாக்கும் ஒருநாள் போகும் என்று பயமாக இருந்தால் வராதே, நான் தையல் டீச்சராகப் போய்க்கொள்கிறேன்.

வருவதாக இருந்தால் பகல் வண்டியில் வா. திண்டுக்கல்லில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வா, நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். வத்தலக்குண்டு மீன் வாங்கி வைக்கிறேன், குழம்பைப் பிலோமி கூட்டட்டும். சுருட்டை இன்றைக்கே நிறுத்திவிடு. எனக்குச் சுத்தமான நாக்கு வேண்டும்.

உன் அக்கா
ரோசலின்